கொலாப்ஸ் என்று சொல்வதற்கு முன்

வயதானவர்களை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்களே, உங்களுக்குப் பிரஷர் பார்க்கத் தெரியும், சர்க்கரை பார்க்கத் தெரியும், காதில் பாட்டு ஓட ஓட டயப்பர் மாற்றவும் தெரியும். எனக்கு இதெல்லாம் கைக்கு வருவதற்குள் தலை நரைத்துவிட்டது. ஆகவே அந்தப் பாடமெல்லாம் உங்களுக்கு நான் எடுக்கப்போவதில்லை. ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நான் பள்ளிக்கூடம் போனது மதியச் சாப்பாட்டுக்காக. ஊரை விட்டு டெல்லிக்கு வந்ததோடு சாப்பாடும் நின்றது, படிப்பும் நின்றது. இருந்தாலும் இந்த ஒரு வார்த்தையில் என்னிடம் யாரும் வாலாட்ட முடியாது.

கொலாப்ஸ்.

டெல்லியில் இந்த வார்த்தைக்கு ஓய்வே கிடையாது. லிஃப்ட் நின்றால் வாட்ச்மேன் கொலாப்ஸ் என்பான். பேங்கில் கம்ப்யூட்டர் ஓடவில்லை என்றால் ஜன்னலுக்குப் பின்னால் இருக்கிற பெண் கொலாப்ஸ் என்பாள். டிவியைப் போட்டால் ஏதோ ஒரு மாநிலத்தில் ஆட்சி கொலாப்ஸ், மண்டியில் தக்காளி விலை கொலாப்ஸ், மழை பெய்தால் ஒரு பாலம் கொலாப்ஸ். ஜிம்முக்குப் போய்விட்டு வந்து சோபாவில் சாய்கிற மருமகளும் கொலாப்ஸ்தான். கடைசியில் பார்த்தால், பிளாட் வாசலில் கம்பி கம்பியாக மடங்குகிற இரும்புக் கதவுக்குக்கூட அந்தப் பேரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் நமக்குப் பிரச்சினை இல்லை. நாம் பார்த்துக்கொள்கிற ஒருவர் கீழே விழுந்து, நாம் அவர் வீட்டாருக்குப் போன் பண்ணும்போதுதான் பிரச்சினை.

லக்ஷ்மிபாய் நகரில் ஒரு பாட்டி. டிவி பார்த்துக்கொண்டே தூங்கி, சோபாவிலிருந்து மெதுவாக வழிந்து, கம்பளத்தில் உட்கார்ந்த வாக்கில் இறங்கிவிட்டார். தூக்கம்கூடக் கலையவில்லை. பக்கத்தில் இருந்த பெண் வேலைக்குப் புதுசு. பதறிப்போய்ப் பாட்டியின் மகளுக்குப் போன் பண்ணி, "பாட்டி கொலாப்ஸ்" என்று சொல்லிவிட்டாள். அந்த மகள் குடும்ப வாட்ஸாப்பில் போட்டாள். அங்கிருந்து அது யார் யாருக்கோ போனது. லோதி ரோட்டிலிருந்து பாட்டியின் மச்சினர் மகன் ஆட்டோ பிடித்து வந்து இறங்கினார், கையில் பெரிய ரோஜா மாலையோடு. பாட்டி அப்போது மேஜையில் உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாலையை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, "நல்ல ரோஜா. எனக்கு எதுக்கு, சாமி படத்துக்குப் போடு" என்றாராம். வந்தவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் உப்புமாவில் வைத்துக்கொண்டார். பாவம், அந்தப் பெண்ணை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். நல்ல பெண்தான். கொஞ்சம் பெரிய சைஸ் வார்த்தையை எடுத்துவிட்டாள், அவ்வளவுதான்.

சரி, எது சரியான சைஸ் என்று எப்படித் தெரிந்துகொள்வது? எனக்கு இந்த வேலையைப் பழக்கிய பெரியக்கா ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார். யாராவது விழுந்தால் ஓடிப்போய்த் தூக்காதே, நீயும் தரையில் உட்கார். விழுந்தவருக்கு முதல் அவமானம், எல்லோரும் நின்றுகொண்டு குனிந்து பார்ப்பது. நீ பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் பாதிப் பதற்றம் போய்விடும். கை கால் அசைகிறதா, எங்கே வலி என்று பார்த்த பிறகு ஒரே கேள்வி கேள்: விழும்போது என்ன பார்த்தீங்க? வழுக்கி விழுந்தவர் கதையாகச் சொல்வார். பக்கெட் வந்தது, சுவர் வந்தது, கர்ட்டனைப் பிடித்தேன், அதுவும் கூட வந்தது என்பார். உள்ளே ஏதோ நின்றுபோய் விழுந்தவருக்கு நடுவில் ஒன்றும் இருக்காது. நடந்துகொண்டிருந்தேன், அப்புறம் கூரை தெரிந்தது என்பார். முதல் ஆளுக்குத் தைலம். இரண்டாவது ஆளுக்கு ஆஸ்பத்திரி, உடனே.

இது எனக்குப் பல வீடுகளில் உதவியது. துவாரகாவில் ஒரு ஐயா வீட்டில் மட்டும் இது போதவில்லை. ஏனென்றால் அவர் பதிலில் பொய் சொன்னார்.

ஐயாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். இங்கே ஏதோ ஒரு மந்திரி ஆபீசில் காலம் முழுக்க வேலை. பார்லிமெண்டில் யாராவது கேள்வி கேட்டால் மந்திரி வாசிக்க வேண்டிய பதிலை எழுதிக்கொடுக்கிற வேலை. ஒரு வார்த்தை இப்படி அப்படிப் போனால் மந்திரி சபையில் மாட்டிக்கொள்வார் என்பதால் இவர் வார்த்தைகளைச் சாமி மாதிரி பார்த்தார். ரிட்டையர் ஆன பிறகு திருத்துவதற்கு மந்திரி இல்லை. அதனால் பால் பாக்கெட்டில் அச்சடித்திருப்பதையும், சொசைட்டி நோட்டீஸ் போர்டையும், காலையில் பார்க் பெஞ்சில் கூட வந்து உட்காரும் நண்பர்களையும் திருத்திக்கொண்டிருந்தார். லிஃப்ட் கொலாப்ஸ் என்று வாட்ச்மேன் சொன்ன அன்றைக்கு அவனை நிறுத்திவைத்து, லிஃப்ட் கொலாப்ஸ் ஆனால் நீயும் நானும் இங்கே நின்று பேசிக்கொண்டிருக்க மாட்டோம் என்று இந்தியில் விளக்கினார். அவன் அச்சா, அச்சா என்று தலையாட்டிவிட்டு, அவர் போனதும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

அந்த வீட்டு அம்மா இறந்துபோன பிறகு ஐயா தனி ஆள். ஒரே மகன் குமார், புனேயில் வேலை. பதினாறாவது மாடியில் வீடு. நல்ல பிள்ளை, பயந்த பிள்ளை. அவர் அப்பாவிடம் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். துவாரகாவில் ஆள் வைத்துக்கொண்டு இருங்கள். ஆனால் ஒரு தடவை கொலாப்ஸ் ஆனாலும் அடுத்த பிளேனில் புனே. ஐயாவுக்குப் புனே என்றாலே குலை நடுக்கம். அங்கே பெஞ்ச் இல்லை, மதியம் வருகிற தமிழ்ப் பேப்பர் இல்லை, சண்டை போட ஆள் இல்லை. பேரனுக்குத் தமிழ் வராது. பதினாறாவது மாடியில் மேகத்தைத் திருத்திக்கொண்டா இருப்பேன் என்று ஒரு நாள் என்னிடம் கேட்டார்.

ஒரு காலையில் நான் அடுப்படியில் இருக்கும்போது டங்கென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் ஐயா பாத்ரூம் போகிற நடைவழியில் தரையில் கிடக்கிறார். பித்தளைச் சொம்பு உருண்டு போய்ச் செருப்பு ஸ்டாண்டில் முட்டி நிற்கிறது. கண்ணாடி ஒரு பக்கம். முழங்கையில் சிராய்ப்பு. நான் போய்ப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். கழுத்து, இடுப்பு, கால் எல்லாம் அசைந்தது. நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. முகம் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது.

விழும்போது என்ன பார்த்தீங்க ஐயா என்று கேட்டேன். தரை ஈரம், வழுக்கிவிட்டது, இதில் பார்க்க என்ன இருக்கிறது என்றார். ரொம்ப வேகமாகச் சொன்னார். நான் தரையைப் பார்த்தேன். ஈரம் இருந்தது உண்மை. ஆனால் சொம்புத் தண்ணீர் அவர் தலைப்பக்கம் ஓடிக் கிடந்தது. காலடியில் சொட்டு ஈரம் இல்லை. கையைப் பிடித்துப் பார்த்தேன். நாடி ஓடிக்கொண்டிருந்தது, நடுவில் எதையோ மறந்துவிட்ட மாதிரி நின்றது, அப்புறம் ஞாபகம் வந்து மறுபடி ஓடியது.

இப்போது யோசித்துப் பாருங்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? ஆஸ்பத்திரிக்குப் போகலாம் ஐயா என்றேன். மாட்டேன் என்றார். வலுக்கட்டாயமாகத் தூக்கிப் போக எனக்கு உரிமை இல்லை. மகனிடம் நானே போன் பண்ணிக் கொலாப்ஸ் என்று சொல்லலாம். அவர் போனைப் பிடுங்கி, இவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, நான் வழுக்கி விழுந்தேன் என்பார். மகன் யாரை நம்புவார்? அடுத்த தடவை விழுந்தால் என்னிடமும் மறைப்பார். அந்த அடுத்த தடவை எழுந்திருப்பாரோ, மாட்டாரோ. அதனால் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். அதுவும் சீக்கிரம் வர வேண்டும்.

முதலில் வாட்ச்மேனுக்குப் போன் போட்டு, வீல்சேரை மேலே கொண்டு வா பையா, கீழே ஒரு வண்டியை நிறுத்தி வை, ஜல்தி என்று சொன்னேன்.

"யாருக்கு வீல்சேர்?" என்றார் ஐயா.

"எனக்குத்தான். முட்டி வலி."

அப்புறம் மகனுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிற பட்டனை அழுத்தி, விரலை எடுத்தாலும் ஓடுகிற மாதிரி மேலே தள்ளிப் பூட்டி, போனை வாய்க்கு நேராகப் பிடித்தேன்.

"குமார் தம்பி, நான் அஞ்சலை பேசறேன். அப்பா நடையில டைவ் அடிச்சிட்டாரு."

ஐயா படுத்த வாக்கிலேயே தலையைத் திருப்பினார். "டைவா? நடையில என்ன நீச்சல் குளமா கட்டியிருக்கு? டைவுங்கது நாமளா இஷ்டப்பட்டுத் தலைகீழாப் பாயுதது. அழி அதை."

"அழிச்சிட்டேன். அப்ப கிராஷ்னு சொல்லவா? தம்பி, அப்பா கிராஷ் ஆயிட்டாரு."

"கிராஷ்னா ரெண்டு சாமான் மோதணும், சத்தம் கேக்கணும்."

"கேட்டுச்சே. டங்குன்னு."

"அது சொம்பு. சொம்புதான் கிராஷ் ஆச்சு. நான் இல்ல."

"எங்க மருமக வாஷிங் மெசின்ல ஒண்ணு எழுதியிருக்கும் பாருங்க, துணியைப் போட்டு உருட்டுமே. டம்பிள். அதைப் போட்டுடறேன்."

"நீ என்ன என்னைத் துணி மூட்டைன்னு நெனச்சியா? டம்பிள்னா உருளணும். நான் எங்க உருண்டேன்? நான் அப்படியே..." நிறுத்திவிட்டார்.

வெளியே பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது.

"அப்படியே இறங்குனேன்" என்றார். குரல் தணிந்துவிட்டது. "மொதல்ல கண்ணு இருட்டுச்சு. அப்புறம் காது. காலு ரெண்டும் இருக்கா இல்லையான்னே தெரியல."

"அப்ப ஸ்லிப்தான் ஐயா. வழுக்கிட்டாருன்னு சொல்லிடறேன்."

"ஸ்லிப்புன்னு எப்படிச் சொல்லுவ? வழுக்குததுக்குக் காலுன்னு ஒண்ணு இருக்கணும்லா. வெளிய இருந்து ஒண்ணு தள்ளிவிட்டா அது வேற. உள்ள தாங்கிக்கிட்டு இருந்தது விட்டுப்போச்சுன்னா அதுக்கு ஒரே வார்த்தைதான் உண்டு." என் கையிலிருந்த போனைப் பார்த்தார். "கொலாப்ஸ்னு போடு. ரெண்டு எல்லு."

"வாய்ஸ் மெசேஜுக்கு ஸ்பெல்லிங் எதுக்கு ஐயா?"

"சவத்தைத் தள்ளு, எதுக்கானா என்ன. நான் சொல்லுதேன், நீ போடு. குமாரு, அப்பா கொலாப்ஸ் ஆயிட்டேன்டா. ஈரமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அனுப்புகிற அம்பை அமுக்கினேன். வாட்ச்மேன் வீல்சேரோடு வந்துவிட்டான். மகனிடமிருந்து உடனே ஒரு வரி வந்தது: அப்பா, ப்ளீஸ், ஆஸ்பத்திரி போங்க, நான் கிளம்பிட்டேன். அதற்கு மேல் ஐயா அடம் பிடிக்கவில்லை. லிஃப்டில் இறங்கும்போது மட்டும் மேலே எரிகிற நம்பரையே பார்த்துக்கொண்டு, "இனி புனேதான்" என்றார். நான் அவர் தோளில் கை வைத்தேன். தமாஷ் வரும் இடம் எது, வராத இடம் எது என்பது தெரியாவிட்டால் நம் வேலையில் சம்பளம் வாங்குவது தப்பு.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது லேடி டாக்டர். அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். ஐயா மறைக்காமல் சொன்னார், கண், காது, கால் என்று வரிசை தவறாமல். அந்த அம்மா அவர் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, மிஷினைப் பார்த்துவிட்டு, உடனே உள்ளே படுக்கவைத்தார். இதயம் அவ்வப்போது அடிக்க மறக்கிறதாம். அந்த மறதி கொஞ்சம் நீண்டால் ஆள் விழுவார், இன்னும் நீண்டால் அவ்வளவுதானாம். தோளெலும்புக்குக் கீழே சின்னதாக ஒரு பேஸ்மேக்கர் வைத்தார்கள். வழுக்கியது என்று சொல்லியிருந்தால் முழங்கைக்கு மருந்து போட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்போம் என்று டாக்டர் அம்மா சொன்னபோது ஐயா வேறு பக்கம் பார்த்தார்.

குமார் வந்ததும் அப்பாவைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், பிறகு என்னைத் தனியாக வராண்டாவுக்குக் கூப்பிட்டார். புனேக்குப் பெட்டி கட்டச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

"ஆன்ட்டி, அந்த மெசேஜ். ஏர்போர்ட்ல லைன்ல நின்னு மறுபடி நிதானமா ஃபுல்லா கேட்டேன்."

விரலை எடுக்க மறந்துவிட்டேன் தம்பி, ஏதேதோ பதிவாகிவிட்டது போலிருக்கிறது என்றேன். இந்த மாதிரி நேரத்தில் நீங்களும் இதையே சொல்லுங்கள். வயதான பொம்பளைக்குப் போன் தெரியாது என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். உங்களுக்கு அந்த வசதி வர இன்னும் கொஞ்ச வருஷம் ஆகும்.

"சொம்பு கிராஷ் ஆச்சு, நான் இல்லன்னார் இல்ல, அங்க ஜோரா சிரிச்சிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. அப்புறம் அவர் கண்ணு, காதுன்னு சொன்னப்போ..." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா இருந்தப்போ அப்பா ரெண்டு தடவை விழுந்ததை என்கிட்ட மறைச்சாங்க, ரெண்டு பேரும் சேர்ந்து. இந்தத் தடவை அவரே சொன்னார்."

குமாரின் தமிழ் டெல்லித் தமிழ். தேடித் தேடித்தான் வார்த்தை வரும், கிடைக்காத இடத்தில் இந்தி வரும்.

"என் வீட்ல அவர்கூட யாரு இப்படி லடாய் பண்ணுவா ஆன்ட்டி? நான் ஆபீஸ் போயிடுவேன். என் பையனுக்குத் தமிழ் தோடா தோடாதான், கொஞ்சம் கொஞ்சம். அங்க கூட்டிட்டுப் போனா அவர் விழ மாட்டார், சரி. பேசவும் மாட்டார்."

அன்று சாயங்காலம் படுக்கைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அப்பாவிடம் பேசினார். டாக்டர் பழையபடி இருக்கலாம் என்கிறார், அதனால் துவாரகாவிலேயே இருங்கள், ஆனால் இனிமேல் விழுந்தால் சொல்வீர்களா என்று கேட்டார். ஐயா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "சரியான வார்த்தையோட சொல்லுதேன்" என்றார். மகன் இன்னும் ஒன்று கேட்டார். பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழற்றிவிட வேண்டும்.

புனேக்குக்கூட இவ்வளவு கோபப்படவில்லை ஐயா. பிறந்ததிலிருந்து தாழ்ப்பாள் போடாமல் குளித்ததில்லையாம். இந்த அஞ்சலை நினைத்த நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு வருவாளாம். எனக்கு என்ன அங்கே சினிமாவா ஓடுகிறது என்று கேட்டேன். மகன் சிரித்தார், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்த அன்றே ஆசாரியைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாளைக் கழற்றிய பிறகுதான் பிளேன் ஏறினார்.

பெண்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். கதவைத் தாழிட்டுக்கொள்ள விடாமல் ஒரு மனிதரின் உயிரைக் காப்பாற்றலாம். ஆனால் அவர் வேண்டாவெறுப்பாகக் குளிப்பார், அப்புறம் குளிக்கவே மாட்டார். ஐயா இரண்டு நாள் குளிக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. மூன்றாம் நாள் அவரே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். உள்ளே இருக்கும் நேரம் முழுக்கத் தான் சத்தமாகப் பேசிக்கொண்டே இருப்பதாகவும், சத்தம் நின்றால் மட்டும் நான் வரலாம் என்றும் சொன்னார். என்ன பேசுவீர்கள் என்றேன். லீவு கிடைத்து ஒவ்வொரு வருஷமும் ரயிலில் ஊருக்குப் போன வழி மனப்பாடமாக இருக்கிறது, அதைச் சொல்கிறேன் என்றார்.

அன்றிலிருந்து நான் அந்த வீட்டு வேலையை விட்டு வரும்வரை, தினமும் காலையில் அவர் உள்ளே போனதும் ஒரு முக்காலியை நடையில் போட்டு, கீரையை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். நிஜாமுதீன், மதுரா, ஆக்ரா என்று உள்ளிருந்து குரல் வரும். குவாலியரில் தண்ணீர் விழும். ஜான்சியில் சோப்பு. போபாலில் மூச்சு வாங்கும், ஏனென்றால் அங்கே முதுகு. விஜயவாடா தாண்டினால் கதவிடுக்கில் கை நீளும், துண்டுக்கு. பக்கத்து பிளாட் பஞ்சாபி அம்மா முதல் வாரம் பயந்துபோய் வந்து விசாரித்தார். இரண்டாவது வாரம், இன்னும் நாக்பூர் வரவில்லையா என்று என்னிடம் கேட்கப் பழகிவிட்டார்.

ஒரு நாள் இடார்சிக்கு அப்புறம் சத்தமே இல்லை. என் கை கீரையில் நின்றுவிட்டது. எழுந்துபோய்க் கதவைத் தட்டினேன்.

"ஐயா, இடார்சில எவ்ளோ நேரம் நிக்கும்?"

"பொறு" என்று உள்ளிருந்து பதில் வந்தது. "இஞ்சின் மாத்துதான்."

நான் திரும்ப உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் நாக்பூர் வந்தது, பல்லார்ஷா வந்தது, வாரங்கல் வந்தது. விஜயவாடா தாண்டியதும் கீரைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.